புகைபோக்கியும் வெற்றிலைத் தட்டமும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்து நண்பகல் ஒன்றில், உடப்புக்கு வடக்கேயுள்ள கரையோரக் கிராமத்திலே, எம்முடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர் ஒருவரின் இறுதிக் கிரியைக்குச் சென்றிருந்தோம். அவர் கரைவலைச் சம்மாட்டியாக வாழ்ந்தவர். ஐம்பது வயதை எட்டாதவர். வலக் கன்னத்தின் உட்புறத்தே தோன்றிய புற்று, அவர் மகரகமை வைத்தியசாலைப் படியை மிதிக்குமுன்னரே தாடை எலும்பைப் பற்றிவிட்டது. அதன்பின் எட்டுத் திங்களே இருந்தார்.

பந்தலின்கீழ் அமர்ந்திருந்தோரிடையே, அவரை மாய்த்தது யாது என்னும் ஆராய்ச்சி எழுந்தது. ஒருவர் வடதிசை நோக்கி விரலை நீட்டி, நுரைச்சோலையின் புகைபோக்கியே எனத் துணிந்தார். இன்னொருவர் கற்பிட்டித் தோட்டங்களில் அள்ளிக் கொட்டும் உரமும் பூச்சிநாசினியுமே என்றார். பாலாவிச் சீமெந்துத் தூசு என்றார் வேறொருவர். கொழும்புக் குப்பையை அருவக்காட்டிற் கொண்டுவந்து கொட்டினார்களே, அதுவாகவும் இருக்கலாம் என்றார் ஓர் இளைஞர். மூலையில் இருந்த முதியவரோ, “எல்லாம் எழுதின எழுத்துத் தம்பி” என்று முடித்துவிட்டார்.

இவ்வுரையாடல் நிகழ்ந்துகொண்டிருக்க, வெற்றிலைத் தட்டம் கைக்குக் கை மாறி வந்துகொண்டிருந்தது. புகைபோக்கியைப் பழித்தவரும் எடுத்தார். உரத்தைப் பழித்தவரும் எடுத்தார். யாமும் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலும் புகையிலைத் துண்டும் வைத்து மடித்து வாயிலிட்டோம். இட்ட பின்னரே, இறந்தவர் தம் வலக் கன்னத்தில் எந்நேரமும் ஒதுக்கி வைத்திருந்த பொதி எம் நினைவுக்கு வந்தது. எழுந்து வேலியோரம் சென்று துப்பினோம்.

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது இலக்கியக் கட்டுரை. யாம் தமிழ் கற்பிப்போரேயன்றி மருத்துவம் கற்றோரல்லேம். எனினும் அன்று பந்தலின்கீழ் எழுந்த வினா எம்மை விட்டகலவில்லை. இக்கல்லூரியிற் பயின்று இன்று வைத்தியர்களாய் இருப்போரை வினவியும், அவர்கள் தந்த நூல்களை அவர்கள் துணைகொண்டு பயின்றும் யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். இலக்கியத்தை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பியோர் பொறுத்தருள்க.

புற்று என்பது வெளியிலிருந்து வந்து புகும் பூதமன்று. நம் உடம்பின் கலமே நெறி பிறழ்ந்து நிற்பது. மனித உடம்பிலே ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் உள. அவற்றுட் கருவுடைய ஒவ்வொன்றிலும், அது என்ன செய்யவேண்டும், எப்போது பெருகவேண்டும், எப்போது நிற்கவேண்டும், எப்போது மடியவேண்டும் என்பனவெல்லாம் எழுதப்பட்ட ஒரு சுவடி உளது. அதனையே அறிவியலார் டி.என்.ஏ. என்பர். கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அச்சுவடி முழுவதும் பெயர்த்தெழுதப்படல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோரின் வரலாற்றைத் தமிழ் மாணவர்க்கு யாம் கூறவேண்டியதில்லை. கண் அயர்ந்தால் எழுத்து மாறும். ஒரு வரி விடுபடும். ஒரு வரி இருமுறை வரும். பாடபேதம் பிறப்பது இவ்வாறே. பெரும்பாலான பாடபேதங்களாற் பொருள் கெடுவதில்லை. கலத்தினுள்ளே பிழை திருத்துவோரும் உளர். அவர்கள் இரவும் பகலும் தம் பணியைச் செய்கின்றனர். ஆயினும் “இங்கே நில்” என்று எழுதிய இடத்திலே பிழை நேர்ந்து, திருத்துவோர் கண்ணுக்கும் அது தப்புமாயின், அக்கலம் நில்லாது பெருகும்.

ஒரு பிழையால் மட்டும் புற்று உண்டாவதில்லை. பெருக்கத்தைத் தூண்டும் இடத்தில் ஒன்று, தடுக்கும் இடத்தில் ஒன்று, திருத்தும் இடத்தில் ஒன்று எனப் பல பிழைகள் ஒரே கலவழியிற் சேர்தல் வேண்டும். இதனாலேதான் அந்நோய் பெரும்பாலும் முதுமையில் வருகின்றது. காரணம் புகுந்து பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தே காரியம் வெளிப்படுகின்றது. இக்கால இடைவெளியை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. பின்னர் இது பயன்படும்.

இனி, பிழைகள் எங்ஙனம் நேர்கின்றன? சில எக்காரணமுமின்றித் தாமே நேர்வன. எத்துணை நல்ல எழுத்தாளனும் நெடுநாள் எழுதினால் எங்கேனும் பிழைப்பான். ஆதலின் பந்தலடி முதியவர் கூறிய “எழுத்து” முற்றிலும் பொய்யன்று. சிறு பகுதி பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருவது. ஆனால் ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் அறையிற் புகை மண்டினாலோ, ஏட்டைச் செல்லரித்தாலோ, பிழை பன்மடங்காகும். அப்புகையும் செல்லுமே புறக் காரணங்கள். உலகில் நேரும் புற்றுநோய்களுள் 30 முதல் 50 வீதம் வரை தடுக்கத்தக்கவை என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. ஆகவே முதியவரின் கூற்றை முழுவதும் ஏற்பதற்கும் இடமில்லை.

புறக் காரணம் ஒன்று உண்டென முதன்முதல் தெளிவாகக் காட்டியவர் இலண்டன் அறுவை வைத்தியர் பேர்சிவல் பொட். 1775ஆம் ஆண்டு அவர் எழுதிய நூலிலே, இளமையிற் புகைபோக்கியினுள் ஏறிக் கரியைத் துடைத்த ஏழைச் சிறுவர்களுக்கு, வளர்ந்தபின் விதைப்பைத் தோலிற் புற்று உண்டாவதைக் குறித்தார். கரியிலே எப்பொருள் தீயது என்பதை அவர் அறியார். யாருக்கு வருகின்றது, அவர் என்ன செய்தார் என்று கேட்டார், அவ்வளவே. பின்னர் 1915இல் யப்பானிய அறிஞர் யாமகிவாவும் இச்சிக்காவாவும் முயலின் காதிலே நிலக்கரித் தாரை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஓராண்டுக்கு மேலாகத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். முன்னர் முயன்றோர் தோற்றதற்குப் பொறுமையின்மையும் ஒரு காரணம். 1950இல் இங்கிலாந்தின் றிச்சாட் டோலும் பிறட்போட் ஹில்லும் நுரையீரற் புற்றுற்றோரை வைத்தியசாலைகளில் வினவி, சிகரெட்டின் பழியை நிலைநாட்டினர். மூவேறு காலத்தும் முறை ஒன்றே: யார், எதனை, எவ்வளவு, எத்தனை காலம்.

இந்நான்கு வினாக்களையும் உலகப் பொருள்கள் அனைத்தின்மேலும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதற்கென்றே, 1965இல் உலக சுகாதார தாபனத்தின் சார்பிற் பிரான்சிலுள்ள லியோன் நகரில் ஒரு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் நிறுவப்பெற்றது. புற்றை உண்டாக்குவது உறுதி என்று தெளிந்தவற்றை அது முதலாம் தொகுதியிற் சேர்க்கின்றது. இன்று அத்தொகுதியில் 120க்கு மேற்பட்டவை உள. உண்டாக்கல் பெரிதும் கூடும் என்பன 2அ. உண்டாக்கலாம் என்பன 2ஆ. முடிவு கூறற்கு இயலாதன மூன்றாம் தொகுதி. இவ்விடத்தே படித்தோரும் வழுக்கி விழுவதைக் கண்டுள்ளோம். தொகுதி என்பது சான்றின் உறுதியைக் காட்டுவது. நஞ்சின் வலிமையைக் காட்டுவதன்று. “இவர் குற்றம் செய்தார்” என்று நீதிமன்று உறுதியாகக் கூறுதல் ஒன்று. எத்தனை பேருக்கு எவ்வளவு தீங்கு செய்தார் என்பது வேறொன்று. சிகரெட்டும் வெயிலும் ஒரே தொகுதியில் உள்ளன என்பதால் இரண்டும் ஒரே அளவிற் கொல்லும் என்று பொருளில்லை.

இத்தெளிவோடு நம் கரைக்கு வருவோம். பந்தலின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டோரை ஒவ்வொருவராக அழைப்போம்.

நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று இயந்திரங்களும் முற்றுப்பெற்று, 900 மெகாவாற்று வலுவுடையதாயிற்று. நாடு பயன்கொள்ளும் மின்சாரத்துட் கணிசமான பங்கு அங்கிருந்து செல்கின்றது. நிலக்கரித் தூசும் சாம்பலும் அயற்கிராமத்தார் முற்றத்தில் விழுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் கொடியில் உலர்த்திய துணி கறுப்பதையும் பயிர் இலை கருகுவதையும் அவ்வூரார் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். நிலக்கரிச் சாம்பலில் ஆசனிக்கு, குரோமியம், கட்மியம் முதலியன சிற்றளவிற் கலந்திருப்பது இயல்பு. வெளிக்காற்று மாசினை 2013இல் லியோன் முகவரகம் முதலாம் தொகுதியில் வைத்தது. ஆகவே அம்மக்களின் முறைப்பாட்டை வெறுங் கூச்சலென்று தள்ளுதல் தகாது.

ஆயினும் மாசடைந்த காற்று முதலில் நாடுவது நுரையீரலை. முதலாம் தொகுதியில் அதனை வைத்ததும் நுரையீரற் புற்றுக்காகவே. எம் நண்பருக்கு வந்ததோ கன்னத்தின் உட்புறத்தில், அதுவும் ஒரு பக்கத்தில். காற்று இரு கன்னத்துக்கும் பொதுவன்றோ? காரணத்தைத் தேடுவோர் நோய் எவ்வுறுப்பில் வந்தது என்பதை முதலிற் கேட்டல் வேண்டும்.

இன்னொன்றையும் உடனே கூறுதல் கடன். அந்நிலையம் இயங்கத் தொடங்கி இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை. மேலே கூறிய கால இடைவெளியை நினைந்தால், அதன் கணக்கு எழுதி முடியவில்லை என்பது புலப்படும். ஆகவே இன்றைய நோய் ஒன்றுக்கு அது காரணமன்று எனத் தெளிந்தோம் என்பதனால், நாளைய நோய்க்கும் காரணமாகாது என்று உறங்கிவிடலாகாது. காற்றை அளக்கவேண்டும், அளந்ததை மக்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்கவேண்டும், சாம்பலையும் கரிக்குவியலையும் மூடி நனைத்து வைக்கவேண்டும். இவற்றைக் கேட்பது நம் உரிமை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அருவக்காட்டுக் குப்பைத் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் சாதி மத பேதமின்றித் தெருவில் நின்றதும் அவ்வுரிமை பற்றியே.

அடுத்தது கிணறு. கற்பிட்டித் தீபகற்பம் மணற்பாங்கு. வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் அங்கே ஆண்டு முழுவதும் விளைகின்றன. மணல் எதனையும் பிடித்து வைக்காது. இட்ட உரம் நீரோடு கீழிறங்கி, குடிநீர் எடுக்கும் அதே நிலத்தடி நீரிற் சேர்கின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையை விஞ்சி நைத்திரேற்று இருந்தமையை ஆய்வாளர் பன்முறை கண்டுள்ளனர். அவ்வெல்லை கைக்குழந்தைகளின் இரத்தம் நீலம்பாரிக்கும் நோயை நினைந்து வகுத்தது. புற்றைப் பொறுத்தவரை, உட்கொண்ட நைத்திரேற்று வயிற்றிலே நைத்திரசமீன் என்னும் பொருளாக மாறத்தக்க நிலையில் 2அ தொகுதியைச் சார்ந்தது. நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று பாடசாலையிற் கற்பித்து வந்தோம். கிருமி போகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சிறிது கூடவும் செய்யும். நைத்திரசமீன் என்ற இப்பெயரை வாசகர் மறவாதிருப்பாராக. அது மீண்டும் வரும்.

பூச்சிநாசினிகளுள் லிண்டேன் முதலாம் தொகுதியிலும், மலத்தியன், டயசினன், களைக்கொல்லியான கிளைபொசேற்று ஆகியன 2அ தொகுதியிலும் 2015இல் வைக்கப்பெற்றன. இவற்றால் மிகுதியும் தாக்கப்படுவோன் காய்கறி வாங்கி உண்பவனல்லன். சட்டையின்றி, முகமூடியின்றி, காற்றெதிரே நின்று விசிறுபவனே. அவனுக்காகப் பேசுவோர் சிலரே என்பது எமக்கு வருத்தந் தருவது.

சீமெந்துத் தூசைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. மணற்கல்லில் உள்ள பளிங்குருச் சிலிக்காத் தூசு முதலாம் தொகுதி. அதனை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளர்க்கே பேராபத்து. ஆனால் யாரும் குற்றஞ்சாட்டாத கூரையைப் பற்றி ஒரு சொல் கூறுவோம். நம் கரையிலே ஓலையும் ஓடும் போய் அஸ்பெஸ்டோஸ் தகடு வந்து நெடுங்காலமாயிற்று. எல்லா வகை அஸ்பெஸ்டோசும் முதலாம் தொகுதியே. நுரையீரலையும் அதனைச் சூழ்ந்த உறையையும் பற்றுவது. தகடு உடையாது கூரையில் இருக்கும்வரை ஆபத்து சிறிது. அதனைக் கைவாளால் அறுக்கும்போதும், உடைத்துப் பள்ளம் நிரப்பும்போதும், உரசிக் கழுவும்போதும் நுண்ணிழை எழும். புயல் ஓய்ந்த மறுநாள் சிறுவர் உடைந்த துண்டுகளைக் கொண்டு கோடு கீறி விளையாடுவதைக் கண்டிருக்கின்றோம். நனைத்துவிட்டுக் கையாள்க, வாயையும் மூக்கையும் தக்க முகமூடியால் மூடுக, துண்டுகளைச் சிறுவர் கைக்கு எட்டவிடாது ஒதுக்குக.

அடுப்புப் புகையையும் நாம் மறந்துவிட்டோம். விறகும் மட்டையும் எரித்த புகை 2அ தொகுதி. புகைக்கூடு இல்லாத குசினியில் முப்பது ஆண்டு சமைத்த தாய், நுரைச்சோலைப் புகைபோக்கியை அஞ்சுவது கண்டு யாம் பல நேரம் வியந்ததுண்டு. கருவாட்டைப் பற்றிக் கேட்போரும் உளர். முதலாம் தொகுதியில் உள்ளது சீன முறையில் உப்பிட்ட மீன். பிற உப்பு மீன்கள் முடிவு கூறற்கியலாத மூன்றாம் தொகுதியில் நிற்கின்றன. உப்பு மிகுதி வயிற்றுக்கு நன்றன்று என்பது வேறு செய்தி. கருவாட்டுக் குழம்பைத் துறக்கவேண்டிய கட்டாயம் இப்போதைக்கு இல்லை என்று அறிந்து யாம் மகிழ்ந்ததை மறைப்பானேன்?

கிருமியாலும் புற்று வரும் என்பதைப் பலர் அறியார். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி, 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவியர்க்கு இலவசமாக இடப்படுகின்றது. சம்மதக் கடிதத்தில் ஒப்பமிடாது திருப்பி அனுப்பும் பெற்றோர் சிலரை ஆண்டுதோறும் காண்கின்றோம். பெண்ணைப் பெற்ற பழைய மாணவர்கள் இதனைக் கவனிப்பாராக.

இனி வெற்றிலைத் தட்டத்துக்கு வருவோம்.

இலங்கை ஆண்களிடையே காணும் புற்றுகளுள் வாய்ப்புற்று நெடுங்காலமாக முன்னணியில் நிற்பது. இங்கிலாந்தில் இவ்வாறில்லை, யப்பானிலும் இல்லை. நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும், வெற்றிலை பாக்கு மெல்லும் பிற நாடுகளிலுமே இஃது இவ்வாறு மிகுதி. இதனைக் கண்டறிந்த வரலாறு தமிழ் மண்ணோடு தொடர்புடையது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலே, அன்றைய தென் திருவிதாங்கூரிலே, நெய்யூர் மிசன் வைத்தியசாலை வாய்ப்புற்று அறுவைக்குப் பேர்போனது. எவரெஸ்ட் மலையேறிய சோமர்வெல் என்பார் பணிபுரிந்ததும் அங்கேயே. அவ்வைத்தியசாலையின் வைத்தியர் ஓர் என்பவர், வெற்றிலை போடுவோரிடை வாய்ப்புற்று என்னும் பொருள்பற்றி 1933இல் இலண்டனின் “லான்செற்” இதழில் எழுதினார். யார், எதனை, எவ்வளவு, எத்தனை காலம் என்ற வினாக்களை அவர் நாஞ்சில் நாட்டு ஏழை மக்களிடம் கேட்டார்.

புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூறு 1985இல் முதலாம் தொகுதியிற் சேர்ந்தது. “நாம் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்” என்போர்க்கு அன்று ஒரு புகலிடம் இருந்தது. தாய்வானில் மக்கள் பெரும்பாலும் புகையிலையின்றியே பாக்கு மெல்லுவர்; அங்கும் வாய்ப்புற்று மிகுந்தமை காணப்பட்டது. 2003இல் கூடிய அறிஞர் குழு, புகையிலை சேராத வெற்றிலைக் கூறும், பாக்கு தனித்தும், முதலாம் தொகுதியே எனத் தீர்த்தது. வெற்றிலை என்னும் இலையின்மேல் அவ்வாறு தனித் தீர்ப்பு எழுதப்படவில்லை. குற்றவாளிகள் பாக்கும் புகையிலையுமே. சுண்ணாம்பு அவற்றுக்குத் துணைபோவது.

பாக்கிலே அரிக்கோலின் முதலிய காரப்பொருள்கள் உள. மெல்லும்போது உமிழ்நீரில் அவையும் புகையிலைப் பொருள்களும் நைத்திரசமீன்களாக மாறுகின்றன. கிணற்று நீரிலே நாம் அஞ்சிய அதே இனப் பொருள், எல்லை விதிப்பார் எவருமின்றி, கன்னத்தோலோடு ஒட்டி நாட்கணக்காகப் பிறந்துகொண்டிருக்கின்றது. சுண்ணாம்பின் காரம் பாக்கிலிருந்து கலத்தைத் தாக்கும் வீரிய ஒட்சிசன் பொருள்களை எழுப்புகின்றது. நார்ப்பாக்கு தோலை உராய்ந்து புண்ணாக்க, புண் ஆறுதற்குக் கலங்கள் விரைந்து பெருக, பெருகும்போதெல்லாம் ஏடு பெயர்த்தெழுதப்பட, பிழை மலிகின்றது. மதுவும் கூடினால் ஆபத்து ஒன்றோடொன்று கூட்டுவதன்று, பெருக்குவது. கள்ளும் சாராயமும் பிறக்கும் தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமா?

எம் நண்பர் பதினாறு வயதிலே, வலை இழுக்கும்போது பசி தெரியாதிருக்க வெற்றிலை போடத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் வலக் கன்னத்திலேயே ஒதுக்கினார். இரவில் அதனோடே உறங்கியும் போவார். அவர் மறைவுக்கு மூன்றாண்டுகளுக்கு முன், கோவில் வீதியில் எம்மைக் கண்டு, கன்னத்தை விரலால் இழுத்து உட்புறத்தைக் காட்டினார். வெள்ளைப் படை ஒன்று தெரிந்தது. “சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது போல” என்றார். “கூடப் போட்டிருப்பீர், குறைத்துப் போடும்” என்றோம் யாம். நோவில்லை என்றார், நோவில்லையென்றால் ஒன்றுமில்லை என்றோம். இருவரும் சிரித்துப் பிரிந்தோம். அவர் கேட்டது வாத்தியாரிடம். வாத்தியார் கூறியதை அவர் நம்பினார்.

நோவில்லாமையே அந்நோயின் வஞ்சகம் என்று இன்று அறிவோம். வாய்ப்புற்று பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதன்று. தனக்குமுன் தூது அனுப்பும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை ஒரு தூது. செம்படை அதனினும் கொடியது. மூன்று வாரமாகியும் ஆறாத புண் மற்றொன்று. காரம் பட்டால் எரிந்து, கன்னத்தோல் தடித்து நார்போல் இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைதல் பாக்குக்கே உரிய இன்னொரு நோய். சுட்டுவிரல், நடுவிரல், அணிவிரல் மூன்றையும் அடுக்கி வாயினுள் நுழைக்க இயலாதவர் உடனே வைத்தியரைக் காணல் வேண்டும். இத்தூதர்கள் வந்த நிலையிலே பழக்கத்தை விட்டுச் சிகிச்சை பெற்றால், புற்று வராமலே தடுக்கும் வாய்ப்பு உண்டு. சிறு புற்றாயினும் குணமாகும் வாய்ப்பு மிகுதி. கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கன்னத்தின் இருபுறம், உதட்டின் உட்புறம், நாவின் ஓரங்களும் அடியும், நாவுக்குக் கீழுள்ள தளம், மேலண்ணம் என்பன பார்க்கவேண்டிய இடங்கள்.

பார்த்தலால் உயிர் பிழைக்குமா என்று ஐயுறுவோர்க்குத் திருவனந்தபுரத்துச் சான்று உண்டு. 1996இற் தொடங்கிய பேராய்வொன்றில், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயை வெளிச்சத்திற் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்ததை 2005இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1980களில், நம் நாட்டிலே ஆரம்ப சுகாதாரப் பணியாளரைக் கொண்டு வாயைப் பார்க்கும் முறையைச் சமன் வர்ணகுலசூரிய முதலிய வைத்தியர்கள் செய்து காட்டியுள்ளனர். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

நண்பரின் மகன் எம்மிடம் பத்தாந் தரத்திற் பயில்கின்றான். முப்பத்தோராம் நாள் கழிந்து பாடசாலைக்கு வந்தவன், இடைவேளையில் எம்மிடம் வந்து, “சேர், அப்பாவுக்கு வந்தது நுரைச்சோலையாலயா, வெத்திலையாலயா?” என்று கேட்டான். ஊரார் இரண்டாகப் பிரிந்து கூறியதைக் கேட்டுக் குழம்பியிருந்தான். தந்தை தாமே தம்மைக் கெடுத்தார் என்று யாரோ கூறியதும் அவன் உள்ளத்தைத் தைத்திருந்தது.

யாம் அவனுக்குக் கூறியது இது. தனி ஒருவர் நோய்க்கு இதுவே காரணம் என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆயிரம் பேரைப் பார்த்தால் எது எத்தனை பேரைத் தாக்கியது என்பது தெரியும். அவ்வாறு பார்த்தால், கன்னத்துப் புற்றுக்குப் பாக்கும் புகையிலையும் தராசின் ஒரு தட்டை நிலத்தில் அழுத்தும். ஆனால் பதினாறு வயதில் வலை இழுக்கப் போனவனுக்கு, பசியை மறைக்க அதனைக் கொடுத்தவர் உண்டு. தீதென்று சொல்லாதவர் உண்டு. வெள்ளைப் படையைக் கண்டும் சிரித்த வாத்தியார் உண்டு. இறுதியிற் கூறியதை அவன் புரிந்துகொண்டானோ அறியோம். பின்பு தன் புத்தகப் பையிலிருந்து, கடையில் விற்கும் இனிப்பிட்ட பாக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்து எம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். வகுப்பிற் கேட்டோம்; அவ்வாறான பொட்டலம் இன்னும் பதினொருவரிடம் இருந்தது.

புகைபோக்கியின்கீழ் வாழ்வோன் மூச்சை அடக்கி வாழ முடியாது. அவனுக்காக அதிகாரிகளிடம் பேசுதல் வேண்டும். பாக்கை வாயிலிடாதிருக்க அதிகாரி எவரது அனுமதியும் வேண்டியதில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது இருபுறமும் நடக்கின்றது. “உங்கள் வெற்றிலையை முதலில் விடுங்கள்” என்று கூறி ஆலைக்காரர் தூசை மறைக்க இடங்கொடேம். “முதலில் நுரைச்சோலையை மூடுங்கள்” என்று கூறிக்கொண்டே யாம் பாக்கு மென்றதையும் இனிப் பொறோம். மங்கல அமங்கல காரியங்களில் வெற்றிலை வைத்து மதிப்புச் செய்தல் நம் மரபு. அதனைக் கைவிடச் சொல்லவில்லை. வெற்றிலையைப் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதால் எவருக்கும் புற்று வந்ததில்லை.

யாம் ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலந்தொட்டுப் பழகியதை அந்த ஆனி மாதத்தோடு விட்டோம். முதல் மூன்று வாரம் கரும்பலகையின் எழுத்தே ஆடியது. மாணவரிடம் காரணமின்றிச் சினந்தோம். கராம்பும் ஏலமும் சட்டைப் பையில் வைத்து ஒப்பேற்றினோம். அரசினர் வைத்தியசாலைப் பல் வைத்தியர் எம் வாயைப் பார்த்து, இடப்புறத்தே ஒரு சிறு வெள்ளைப் படையைக் காட்டினார். ஒரு துண்டெடுத்துச் சோதித்தனர், புற்றில்லை. ஆறு திங்களுக்கொருமுறை வந்து காட்டுமாறு கூறியுள்ளார். அடுத்த தவணை வரும் தை மாதம்.

பழைய மாணவர் சங்கம் எம் வேண்டுகோளுக்கு இணங்கி, விழாவின் மூன்றாம் நாட் காலை ஒன்பது மணி முதல் கல்லூரி மண்டபத்தில் வாய்ப் பரிசோதனை நடத்த ஒழுங்கு செய்திருக்கின்றது. பல் வைத்தியர் இருவர் வருகின்றனர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும், கட்டணம் இல்லை. வெற்றிலை போடுவோரும், போட்டு விட்டோரும், புகைப்போரும், உடப்பு, முந்தல், பாலாவி, கற்பிட்டி, சிலாபம் எங்கிருந்தேனும் வரலாம். மீனவத் தொழிலாளரையும் தோட்டத் தொழிலாளரையும் பழைய மாணவரல்லர் என்று எண்ணாது அழைத்து வருக. பெயர் பதியும் மேசை வாயிலின் இடப்புறம், வேப்பமரத்தடியில் இருக்கும். அம்மேசையில் யாம் இருப்போம்.